மேல்வீட்டில் போய் விசாரித்தார்கள்

உங்கள் சித்தப்பாவின் கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்தியது பழைய கிரேக்க இலக்கியம் என்று சொன்னால், பிள்ளைகளே, நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம் பக்கத்தில் ஜாதகம் கல்யாணத்தை நிறுத்தும். சீர் பேச்சு நிறுத்தும். பந்தியில் தாய்மாமனைக் கூப்பிட மறந்தாலும் நின்றுவிடும். கிரேக்கத்தால் நின்றதாகக் கொங்கு நாட்டில் வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெருமை போத்தனூரில் நம் வீட்டுக்கென்று காத்திருந்தது போலிருக்கிறது. நாளைக்கு யாராவது இதைத் தலைகீழாகச் சொல்லி நீங்கள் கேட்பதற்குள் நானே எழுதி வைத்துவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இருக்காது.

நம் மாடியில் குடியிருந்த டீச்சரம்மாவை உங்களுக்கு லேசாக ஞாபகம் இருக்கும். கையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பாரே, அவர்தான். அவர் வீடு கேட்டு வந்தபோது எந்த வீட்டுக்காரனும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்: என்ன வேலை? கோயமுத்தூரில் ஒரு காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் என் மனசு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் பாதி உண்மையோடு நிறுத்திக்கொள்ளும் நல்ல பழக்கம் அவருக்குக் கிடையாது. அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை, உண்மையான வேலை பழைய கிரேக்க இலக்கியம் என்றார். அந்தப் பாஷை பேசுகிறவர்கள் கோயமுத்தூரில் யாராவது இருக்கிறார்களா என்று மரியாதைக்குக் கேட்டேன். அதைப் பேசினவர்கள் எல்லோரும் செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார். வாடகை ஒழுங்காக வருமா என்ற கவலை எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் வால்பாறைக்காரர். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். நன்றாகப் படித்து, உதவித்தொகை வாங்கி, இங்கிலீஷ் இலக்கியம் படிக்க வெளிநாடு போனார். போன புதிதில் அறை மாறி வேறு வகுப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். நடத்துவது ஒன்றும் புரியவில்லை. எழுந்து வெளியே போக வெட்கம். வெளியே மழை வேறு. வகுப்பு முடியும்வரை உட்கார்ந்தார். அது பழைய கிரேக்க வகுப்பு. அடுத்த வாரம் மழை இல்லை, ஆனாலும் அங்கேயே போய் உட்கார்ந்தார். இன்றுவரை எழுந்திருக்கவில்லை. நம் வீடுகளில் பிள்ளை தப்பான பஸ் ஏறினால் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடுவோம். அங்கே டாக்டர் பட்டம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் செய்த வேலையை உங்களுக்குச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். எகிப்து தேசத்தில் ஒரு பழைய ஊரின் குப்பைமேட்டைத் தோண்டியபோது எழுத்து உள்ள தாள் துண்டுகள் கிடைத்தனவாம். ஆற்றங்கரைக் கோரையைச் சீவி ஒட்டிச் செய்த தாள். அதில் உள்ளங்கை அகலம் உள்ள ஒரு துண்டின் படம் டீச்சரம்மாவின் கம்ப்யூட்டரில் இருந்தது. ஏதோ ஒரு சிரிப்பு நாடகத்தில் ஒரு காட்சி. எழுதியவர் பேர் இருந்த இடம் கிழிந்து போயிற்று. ஒரு வேலைக்காரன் ஒரு கிழவரிடம் என்னவோ சொல்கிறான். எல்லா வரியிலும் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சரியாக ஒரு ஓட்டை. இந்த ஓட்டையைத்தான் அவர் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று திரும்பினால் வெள்ளலூர் குப்பைமேட்டு வாசம் நம் வீட்டுக்குள் வரும். இரண்டாயிரம் வருஷம் கழித்து அதற்கும் யாராவது பூதக்கண்ணாடியோடு வந்து உட்காருவார்கள் என்று நினைத்து அப்போதெல்லாம் மூக்கை மூடிக்கொள்வேன்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. கிழிந்த இடத்தைச் சதுர அடைப்புக்குறி போட்டுக் காலியாக விடவேண்டும். எழுத்து மங்கலாக இருந்தால் அதன் அடியில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். இந்தச் சொல்லாக இருக்கலாம் என்று தோன்றினால், தோன்றுகிறது என்று தெரியும்படிதான் எழுதவேண்டும். ஒரு கறுப்புக் கோடு எழுத்தா, அழுக்கா என்று வேறு தேசத்து அறிஞர் ஒருவரோடு அவர் ரொம்ப நாளாக மெயிலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தெருக்குழாய்ச் சண்டையில்கூட அவ்வளவு உறுதி நான் பார்த்ததில்லை.

சட்டம் கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாய்க்கும் வந்துவிட்டது. மழை வருமா என்று கேட்டால், மேற்கே கறுத்திருக்கிறது, அதற்கு மேல் தெரியாது என்பார். உங்கள் அம்மா ஒருநாள் சாம்பார் கொடுத்துவிட்டு, நல்லா இருக்குதுங்களா அக்கா என்று கேட்டாள். உப்பு சரியாக இருக்கிறது, புளியைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் காலையில் படி இறங்கி வந்து புளியைப் பற்றிச் சொல்லிவிட்டும் போனார். உங்கள் அம்மா அதன்பிறகு ரசம் மட்டும்தான் கொடுத்தனுப்பினாள்.

நானோ ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடையில் சேலை விரிக்கிறவன். எங்கள் தொழிலில் தெரியாது என்ற சொல்லைச் சொன்னவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கமாட்டான். சாயம் போகுமா என்று கேட்டால், சேலை போனாலும் சாயம் போகாது என்போம். இந்த நிறம் எனக்கு எடுக்குமா என்று கேட்டால், இந்த நிறத்தைக் கண்டுபிடித்ததே உங்களுக்காகத்தான் என்போம். கீழ்வீட்டில் நான், மேல்வீட்டில் அவர். நடுவில் ஒரே ஒரு கான்கிரீட் தளம்தான்.

இனி சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் குறிச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். முப்பது தாண்டிவிட்டது. இப்போதெல்லாம் நம் பக்கத்தில் பொண்ணு கிடைப்பது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கே தெரியும். ஐ.டி. கம்பெனி வேண்டும், தோப்பு வேண்டும், சொந்த வீடு வேண்டும், அந்த வீட்டில் அண்ணன் குடும்பம் இருக்கக் கூடாது, தலையில் முடி இருக்கவேண்டும். சித்தப்பாவிடம் முடி மட்டும் இருந்தது. அதுவும் போய்க்கொண்டிருந்தது. அவனுடைய பயோடேட்டா வாட்ஸ்அப்பில் போகாத தாலுகா இல்லை. போன இடத்திலிருந்து திரும்பி வந்ததெல்லாம் கும்பிடு போடும் படம்தான்.

வரவர அவன் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினான். போனால் எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டு அவனிடம் 'எப்போ?' என்பார்கள். பிறகு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்தினான். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தபோது, இதுதான் கடைசி, இதுவும் போனால் இனி யார் வீட்டுக்கும் என்னைக் கூட்டிப்போகக் கூடாது என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அவன் விளையாட்டுக்குப் பேசுகிறவன் இல்லை.

பொண்ணு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தது. ஜாதகம் பொருந்தியது. போட்டோ பிடித்திருந்தது. பாக்கி இருந்தது விசாரிப்பு.

விசாரிப்பு என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பொண்ணு வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை தெருவுக்கு வந்து, டீக்கடையிலும் மளிகைக்கடையிலும் பையன் எப்படி என்று கேட்பார்கள். எல்லோரும் 'நல்ல பையனுங்க' என்பார்கள். வந்தவர்கள் திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள். ஊரில் உள்ள எல்லாப் பையன்களும் நல்ல பையன்கள் என்பது இப்படித்தான் நிலைநாட்டப்பட்டது. ஜெயிலுக்குள் இருக்கிறவனைப் பற்றிக் கேட்டாலும் நம் ஆட்கள், 'நல்ல பையனுங்க, இப்பத்தான் ஊட்ல இல்லீங்க' என்பார்கள். கேட்கிறவருக்கும் அது தெரியும். மரியாதை என்றால் அதுதான்.

இருந்தாலும் நான் தொழில் தெரிந்தவன் ஆயிற்றே. டீக்கடையில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். குடிப்பழக்கம் பற்றிக் கேட்டால் என்ன சொல்வாய் என்று டீ மாஸ்டரைச் சோதித்தும் பார்த்தேன்.

"டீயே அளவாத்தானுங்க குடிப்பாருன்னு சொல்லிப்போடறனுங்க" என்றார். அவர் பட்டுக்கடையில் இருக்கவேண்டிய ஆள்.

மளிகைக்கடையில் சொன்னேன். துணி தேய்க்கிறவரிடம் சொன்னேன். மாடியில் மட்டும் சொல்லவில்லை. செத்த பாஷை படிக்கிற அம்மாவிடம் யார் போய்க் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

வந்தவர் பொண்ணின் தாய்மாமன். கொப்பரை வியாபாரி. தேங்காயைத் தட்டிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லுகிற மனிதர் டீக்கடைப் பேச்சிலா மயங்குவார்? டீயைக் குடித்துவிட்டு, நேராக நம் வீட்டுப் பக்கவாட்டுப் படியில் ஏறிவிட்டார். நான் கடையில் இருந்தேன். உங்கள் அம்மா படித் திருப்பத்தில் நின்று, காய்ந்த துணியை மறுபடி காயப்போட்டுக்கொண்டே கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"கீழூட்டுத் தம்பி எப்படீங்க டீச்சர்?"

"எந்த விஷயத்துலங்க?"

இந்த இடத்திலேயே மாமன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு மறுகேள்வி வந்து கொங்கு நாட்டில் பழக்கமில்லை.

"பொதுவாத்தானுங்க."

"பொதுவாச் சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியாதுங்க. தனித்தனியாக் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்."

"குடிப்பழக்கம் ஏதாச்சுமுங்க?"

"குடிச்சு நான் பார்த்ததில்ல. ஆனா என் ஜன்னல் தண்டவாளத்தைப் பார்த்து இருக்கு. தெருப்பக்கம் நான் பாக்கறதே இல்ல. நான் பாக்கலைங்கறதை வச்சு அவர் குடிக்கலைன்னு நீங்க முடிவு பண்ணக்கூடாது."

"கோவக்காரருங்களா?"

"ஒரு தடவை கத்தின சத்தம் கேட்டுது. குரல் அவரோடது, அது உறுதி. யாரைக் கத்தினார்னு தெரியல. நடுவுல ஒரு கூட்ஸ் வண்டி போயிருச்சு."

"வேற பொண்ணு கிண்ணுன்னு…"

"அதுக்கு ஆதாரம் கிடையாதுங்க. உண்டுங்கறதுக்கும் இல்ல, இல்லைங்கறதுக்கும் இல்ல."

மாமன் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கும்பிட்டு, இறங்கிப் போய்விட்டார். உங்கள் அம்மா நனையாத துணிகளோடு உள்ளே வந்து எனக்குப் போன் போட்டாள்.

சாயங்காலம் தரகர் கூப்பிட்டார். போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்குள் பேச்சு நன்றாக வளர்ந்திருந்தது. பையன் குடிக்கிறான், தெருப்பக்கம் நின்று குடிப்பதால் மேல்வீட்டம்மா ஜன்னலையே திறப்பதில்லை. ரயில்வே காலனியில் ஒரு பொண்ணு உண்டு. கூட்ஸ் வண்டி வரும்போது அவளைத்தான் கத்தினான். "என்னமோ ஆதாரம் இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்களாமாங்க. பொண்ணூட்ல ஆளாளுக்குப் பேசறாங்க" என்றார் தரகர். ஆதாரம் என்ற சொல் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

கடையிலிருந்து வந்ததும் நேராக மாடி ஏறினேன். டீச்சரம்மா என்னைப் பார்த்துச் சந்தோஷமாக, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஒருவர் வந்திருந்தார், நல்லபடியாகச் சொல்லி அனுப்பினேன் என்றார். தரகர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அவருக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஆர்வம் வந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதும்போது எந்த இடத்தில் பிழை நுழைகிறது என்பது அவர் துறையில் பெரிய விஷயமாம். ரயில்வே காலனி யார் வாயில் சேர்ந்தது, மாமன் வாயிலா, தரகர் வாயிலா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூதக்கண்ணாடியை வாங்கி வெளியே வீசியிருக்கவேண்டும்.

ஒரு போன் போட்டு, நல்ல பையன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"நல்லவருன்னுதான் எனக்கும் தோணுது. தோணுதுன்னு சொல்றேன்."

"அந்தத் தோணுதுங்கறத மட்டும் விட்டுப்போட்டுச் சொல்லுங்க டீச்சர்."

"அதை விட்டா அது பொய்யாயிருமுங்களே."

பிறகு உட்காரச் சொல்லி ஒரு கதை சொன்னார். முன்காலத்தில் ஒரு பெரிய அறிஞர் இப்படி ஒரு கிழிசலை ஆசையாக நிரப்பினாராம். அழகான வரி. ஒரு மகன் தன் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்பது போல. நூறு வருஷம் எல்லோரும் அதைப் படித்து உருகினார்கள். அப்புறம் கிழிந்த மிச்சத் துண்டு கிடைத்தது. அதில் மகன் பேசவே இல்லை. பேசியது மீன் விற்கிறவன்.

நூறு வருஷம் நன்றாகத்தானே ஓடியது, ஒரு கல்யாணத்துக்கு அது போதாதா என்று கேட்டேன். எனக்கு வாய் நிற்கவில்லை. செத்துப்போன கிழவன் என்ன பேசினான் என்று வருஷக்கணக்கில் கவலைப்படுகிறீர்கள், கீழே ஒருத்தன் உயிரோடு தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்காருகிறான், அது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "தெரியுதுங்க" என்றார். அதை அவர் தோணுது போடாமல் சொன்னதை இறங்கி வந்த பிறகுதான் கவனித்தேன்.

சித்தப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது அவன் சத்தம் போடவில்லை. 'உடுங்கண்ணா' என்றான். டீச்சரை ஏதாவது சொன்னீர்களா என்று மட்டும் கேட்டான். அன்று தட்டையும் எடுக்கவில்லை, சாப்பிடாமலே படுத்துவிட்டான்.

அந்த வாரம் முழுக்க தரகர் போன் எடுக்கவில்லை. சனிக்கிழமை அவரே கூப்பிட்டார். பொண்ணு நேரில் வருகிறதாம், மாமனோடு. நாங்கள் வீட்டைப் பெருக்கி, மிக்சர் வாங்கி, முறுக்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால், அந்த அம்மணி எங்களைக் கும்பிட்டுவிட்டு, "மேல போயிட்டு வாரனுங்க" என்று படி ஏறிவிட்டது. மாமன் பின்னாலேயே போனார். அவர் பின்னால் மிக்சர் தட்டோடு உங்கள் அம்மாவும் நானும். சித்தப்பா கீழேயே நின்றுவிட்டான்.

பொண்ணு டீச்சரம்மாவிடம் நேராக விஷயத்துக்கு வந்தது. இதுவரை பார்த்த வரன்களில் எல்லாப் பையனும் நல்ல பையன் என்றுதான் கேட்டிருக்கிறதாம். தெரியாது என்று ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை. "எங்க லேப்ல ரத்தம் பத்தலைன்னா பத்தலைன்னுதான் எழுதோணுங்க. எதையாச்சும் எழுதிக் குடுத்தா ஆளு போயிருவாங்க. மாமா உங்களுக்குத் தெரியாததையே கேட்டுட்டு வந்துட்டாரு. தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்றது.

மாமன் கொப்பரை வாங்க வந்து மழையில் மாட்டிக்கொண்டவர் போல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சரம்மாவுக்கு இப்படி ஒரு கேள்வி வாழ்நாளில் வந்ததில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கேஸ் சிலிண்டரை ஒவ்வொரு தடவையும் மேலே கொண்டுவந்து வைப்பது சித்தப்பாதான், கேட்காமலே வைப்பான் என்றார். அவருக்கு உடம்பெல்லாம் வலிக்கிற காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, காலையில் கதவுக்கு வெளியே கஞ்சி இருக்குமாம். தட்டிவிட்டு, கதவைத் திறப்பதற்குள் இறங்கிப் போய்விடுவானாம். அது எங்களுக்கே தெரியாது. உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள், நான் மிக்சரைப் பார்த்தேன். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டாயிற்று என்று ஒரு தடவை பொய் சொன்னான், மறுநாள் அவனே வந்து, கூப்பிடவில்லை, மறந்துவிட்டேன் என்று சொன்னான் என்றார். பொய் சொன்னதை ஏன் சொல்கிறார் என்று நான் தவித்தேன். பிறகு, கிழிந்த தாளின் படத்தை ஒருநாள் காட்டியபோது அவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இந்த ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டாங்கன்னு யாருக்கும் தெரியாமயே போயிருமா என்று கேட்டதாகச் சொன்னார். "என் வேலையைப் பார்த்துட்டு, இதுல என்ன வருமானம்னு கேக்காத ஆளு இந்தத் தெருவுல அவர் ஒருத்தர்தான். இது உறுதி."

பொண்ணு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டது. அப்புறம், குடி, கோபம், அந்தக் கூட்ஸ் வண்டி பற்றிக் கேட்டது.

"அதை ஏன் என்கிட்டக் கேக்கறீங்க? கிழியாத மூலம் கீழ நிக்குது" என்றார் டீச்சரம்மா.

சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து வாசல்படியிலேயே நின்றான். நான் மாமன் முதுகுக்குப் பின்னால் நின்று, தலையை ஆட்டி, கையை ஆட்டி, இல்லை என்று சொல்லு என்று ஜாடை காட்டினேன். பட்டுக்கடையில் புதுப் பையன்கள் இந்த ஜாடையை ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். இவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"குடிப்பீங்களா?" என்று பொண்ணே கேட்டது.

"சம்பளம் வாங்குன வாரத்துல பட்டறை ஆளுங்களோட பீரு குடிப்பனுங்க. மத்த நாள்ல இல்லீங்க."

"அன்னைக்கு யாரைக் கத்துனீங்க?"

அவன் இப்போதுதான் என்னைப் பார்த்தான். "எங்கண்ணனைத்தானுங்க. பயோடேட்டாவுல என்னைப் பட்டறைக்குப் பார்ட்னர்னு போட்டுட்டாருங்க. நானு லேத்து ஓட்டறவனுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எடுப்பாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன் என்றேன். சேலையில் ஜரிகை வைப்பதில்லையா? மாமன் மட்டும் தலையை ஆட்டினார், வியாபாரி அல்லவா.

"வேற பொண்ணு?"

"ஒருத்தரைப் புடிச்சிருந்துச்சுங்க. சொல்லறதுக்குள்ள அவங்களுக்குக் கண்ணாலம் ஆயிப்போச்சு. போய்ச் சாப்புட்டுட்டு வந்தனுங்க."

பொண்ணு சிரித்துவிட்டது. சிரித்ததை மறைக்க முறுக்கை எடுத்தது. பிறகு எங்களைப் பார்த்து, உங்கள் பக்கத்திலிருந்து என்னைப் பற்றி யாரும் விசாரிக்கவே இல்லையே என்றது. எப்படி விசாரிப்போம்? முப்பது தாண்டிய லேத்துக்காரனுக்குப் பொண்ணு கிடைக்கிறது என்றால், அந்த வீட்டுப் பக்கம் இருமக்கூட பயப்படுகிற காலம் இது. நான் பல்லைக் காட்டினேன்.

"நீங்களும் வந்து விசாரிங்க. எங்கூட்டுக்கு எதுத்த ஊடு. வரப்புத் தகராறுல எங்கப்பனோட பேச்சு வார்த்தை இல்லாதவரு. அவருகிட்டயே கேளுங்க" என்றது.

மாமன் வாயைத் திறந்தார், அந்த அம்மணி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி பஸ் ஏறினோம். நான், சித்தப்பா, டீச்சரம்மா. டீச்சரம்மாவைக் கூப்பிட்டது சித்தப்பாதான். விசாரிப்புக்கு ஒரு கிரேக்க நிபுணரைக் கூட்டிப்போன முதல் மாப்பிள்ளை வீடு நாம்தான். வழியெல்லாம் அவர், பகையாளி சொல்லும் சாட்சியை எப்படி எடைபோடவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பகையாளி கெட்டது சொன்னால் பாதி நம்பலாம், நல்லது சொன்னால் முழுக்க நம்பலாம் என்றார். எங்கள் கடையில் சேலையைத் திருப்பித் தர வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான் என்றேன். அவர் அதை யோசித்தார்.

எதிர்வீட்டுக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுப் பேச உட்கார்ந்தார். பொண்ணின் அப்பாவைப் பற்றி ஆரம்பித்தார். வரப்பை வெட்டியவருங்க, தண்ணியைத் திருப்பியவருங்க, விளங்கமாட்டாருங்க. திட்டியதெல்லாம் 'ங்க' போட்டுத்தான். அவர் மூச்சு வாங்கும் இடம் பார்த்து, பொண்ணு எப்படிங்க என்று நான் நுழைந்தேன்.

"புள்ள நல்ல புள்ளைங்க" என்றார், கண்ணைக்கூட இமைக்காமல்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியுங்க?" என்று கேட்டார் டீச்சரம்மா.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். நாங்கள் குடித்து வைத்த இளநீர்க் காய்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"தெரியாதுங்க" என்றார் கடைசியில். "நானு அந்த ஊட்டுப் பக்கமே திரும்பறதில்லீங்களே. அந்தப் புள்ள இப்ப என்ன உசரம்னு கேட்டாக்கூடத் தெரியாதுங்க."

டீச்சரம்மா அவரைக் கும்பிட்டார். அது வெறும் மரியாதைக் கும்பிடு இல்லை.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றோம். இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் தெரியவில்லையே என்றேன். ஒன்றும் தெரியவில்லை என்பது உறுதியாகத் தெரிந்ததே என்றார் டீச்சரம்மா. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவன் போனை எடுத்து, கொஞ்சம் தள்ளி நின்று பேசினான். தள்ளி நின்றாலும் எங்களுக்குக் கேட்டது.

"போய்க் கேட்டனுங்க. உங்களைப் பத்தி அவருக்கு ஒண்ணுமே தெரியலீங்க… ஆமாங்க… இல்லீங்க, எனக்கும் ஒண்ணும் தெரியாதுங்க." போனை மறு காதுக்கு மாற்றினான். "சரி, நீங்களே சொல்லுங்க. கேக்கறேன்."

பொண்ணு சொன்னதைக் கேட்டுக்கொண்டே அவன் நடந்து, ஸ்டாப்பைத் தாண்டி, வாய்க்கால் மதகு வரைக்கும் போய்விட்டான். போத்தனூர் பஸ் வந்தது. கூப்பிட்டேன். அவன் திரும்பாமலே, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினான். நானும் டீச்சரம்மாவும் ஏறி உட்கார்ந்தோம்.